நாலு விசில் எழுத்து

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே முக்காலுக்கு, முத்துமாரியின் குரல் போய்விட்டது.

சளி இல்லை, இருமல் இல்லை, தொண்டையில் கரகரப்பும் இல்லை. ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் அவள் நாலாவது லைன் சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத்தை மட்டும் தைத்துக் கொடுக்கிற பிரிவு அது. லைனில் முப்பத்திரண்டு பெண்கள். அத்தனை மிஷின் இரைச்சலையும் தாண்டிப் பேச்சு போய்ச் சேர வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். அன்று பதினோராவது மிஷினில் ஒரு பெண் தோலைத் தலைகீழாக வைத்துத் தைப்பதைப் பார்த்து, நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் காற்று. அந்தப் பெண் பாட்டுக்குத் தைத்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் யாரும் முதலில் நம்பவில்லை. கணவன் கோவிந்தசாமி ஒடுகத்தூர் பக்கம் ஓடுகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பகலெல்லாம் ஊர்ப் பெயர் சொல்லிக் கூவுகிறவர் அவர், மணிக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட் சொல்லிக் கூவுகிறவள் இவள். இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தாலும் அதே சத்தத்தில்தான் பேசுவார்கள். சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்பதுகூடத் தெருமுனை வரைக்கும் கேட்கும். அந்த வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. "இன்னா மாரி, கோவமா?" என்று அவர் மூன்று நாள் கேட்டார். நாலாம் நாள் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

மாத்திரை, மருந்து, ஆவி பிடிப்பது எல்லாம் நடந்தது. இரண்டு வாரம் ஆகியும் குரல் வரவில்லை. வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், அவளை இருமச் சொன்னார். இருமினாள். "சத்தம் வருது பாருங்க. குரல்நாண் நல்லா கீது. எந்தக் கட்டியும் இல்ல. பேசறப்போ மட்டும் அது சேர மாட்டேங்குது. சில பேருக்கு இப்படி ஆவறது உண்டு, பயப்படாதீங்க" என்று சொல்லி, கீழ்த்தளத்தில் இருந்த பேச்சுப் பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பினார்.

அங்கே இருந்த ஜஹீதாவுக்கு முப்பது வயதிருக்கும். அவளும் ஆம்பூர்க்காரிதான். முனகச் சொன்னாள், கொட்டாவி விடச் சொன்னாள், வாயில் தண்ணீரை வைத்துக் கொப்பளித்துக்கொண்டே 'ஆ' என்று இழுக்கச் சொன்னாள். அரைமணி நேரம் அதெல்லாம் முடிந்த பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, தொண்டைக்கு நான் சொல்லிக்குடுத்ததைத் தினம் செய்யணும். அது மருந்து மாதிரி. இன்னொண்ணு சொல்றேன், புடிச்சா செய்யுங்க. தினம் காலைல பத்து நிமிஷம் எழுதுங்க. எதைப் பத்தியும் எழுதலாம். ஆனா பேனா நிக்கவே கூடாது. தப்பு வந்தா அடிக்கக் கூடாது. ஒண்ணும் தோணலன்னா, ஒண்ணும் தோணலன்னே எழுதுங்க. ஒரு மாசத்துக்குத் திரும்பிப் படிக்காதீங்க. யாருக்கும் காட்ட வேணாம், எனக்கும் வேணாம்."

முத்துமாரி கையிலிருந்த சீட்டில் எழுதிக் காட்டினாள்: எதுக்கு?

"சில பேருக்கு மனசு லேசாவுது. உங்களுக்கு ஆவுமான்னு எனக்குத் தெரியாது. இன்னா வருதுன்னுதான் பாக்கலாமே?"

மனசு லேசாகும் என்பதில் முத்துமாரிக்குப் பெரிய நம்பிக்கை பிறக்கவில்லை. தன் மனசில் பாரம் ஒன்று இருப்பதாகவே அவள் நினைத்ததில்லை. ஆனால் அந்தக் கடைசி வார்த்தை பஸ்ஸில் வீடு வரைக்கும் கூடவே வந்தது. இன்னா வருதுன்னு பாக்கலாமே. அவள் பத்தாவது வரை படித்தவள். கம்பெனியில் சேர்ந்த இந்தப் பதினெட்டு வருஷத்தில் எழுதியதெல்லாம் லைன் போர்டில் மணிக்கு மணி எண்ணிக்கை, ரிஜெக்ட் எத்தனை, லீவு எத்தனை பேர், அவ்வளவுதான். எண்ணிக்கை இல்லாமல் எழுதினால் இந்தக் கையிலிருந்து என்ன வரும்?

மகள் நித்யஸ்ரீ வேலூரில் கல்லூரி இரண்டாம் வருஷம். அவளுடைய பாதி எழுதிய பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. ஐந்தரைக்கு எழுந்து அரிசி களைந்து குக்கரில் வைத்துவிட்டு, அடுப்புமேடை ஓரத்திலேயே நின்றபடி எழுதினாள். கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. சின்னத் தீயில் நாலு விசில் வர ஏறக்குறைய பத்து நிமிஷம். நாலாவது விசிலுக்குப் பேனாவை மூடிவிட வேண்டியது.

முதல் நாள், 'என்ன எழுதுறது என்ன எழுதுறது' என்றே பக்கம் முழுக்க ஓடியது. இரண்டாம் நாள் லைனில் இருக்கிற பெண்கள் எல்லோர் பெயரும் வரிசையாக வந்தது. மூன்றாம் நாள் எழுதிக்கொண்டிருக்கும்போதே குக்கரின் மேல் கோபம் வந்தது. ஏன் இன்னும் இரண்டாவது விசில் வரவில்லை என்று அதையே எழுதினாள். ஆறாம் நாள் கை தானாக ஒரு கேள்வியை எழுதியது: 'எறும்பு ஏன் நடுத்தரையில போகாம செவுத்து ஓரமாவே போவுது?'

அதை எழுதிவிட்டு முத்துமாரிக்கு ஆச்சரியமாக இருந்தது. இதைத் தான் எப்போது யோசித்தோம்? எறும்பைப் பார்த்தால் மஞ்சள்பொடி போடுவதைத் தவிர வேறு எதுவும் அவள் செய்ததில்லை. யாரோ உள்ளே உட்கார்ந்து இத்தனை நாள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள் போலத் தோன்றியது. மறுநாள் குக்கர் வைக்கும்போது கையில் ஒரு பரபரப்பு இருந்தது. இன்றைக்கு அந்த ஆள் என்ன சொல்லப்போகிறாள்?

கம்பெனியில் ஒரு மாதம் பார்க்கலாம் என்று விட்டுவைத்திருந்தார்கள். அவள் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு மேஜையில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் என்னைப் பார், இரண்டு தட்டு என்றால் நிறுத்து. மற்றதெல்லாம் பக்கத்தில் போய் நின்று கையால் காட்ட வேண்டும். தினமும் லைன் முழுக்க நாற்பது முறை நடந்தாள். முதல் வாரம் எண்ணிக்கை குறைந்தது. இரண்டாம் வாரம் பழைய இடத்துக்கு வந்தது. மூன்றாம் வாரமும் அதே. கத்தாமலே அதே அளவு வேலை நடக்கிறது என்றால் பதினெட்டு வருஷமாகக் கத்தியது எதற்கு? இந்தக் கேள்வியும் ஒருநாள் நோட்டில் வந்தது. பதில் இல்லாமலே அடுத்த வரிக்குப் போய்விட முடிந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

முப்பதாம் நாள் ஜஹீதா சொன்னபடி முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தாள். பாதி குப்பை. மளிகைச் சாமான், மாமியார் வீட்டு விசேஷம், முழங்கால் வலி. கணவன் பெயர் மொத்தமே இரண்டு இடத்தில்தான் வந்திருந்தது, இரண்டுமே ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதைப் பற்றி. அதைப் படித்துச் சத்தமில்லாமல் சிரித்தாள். ஆனால் கேள்விகள் மட்டும் நாற்பதுக்கு மேல் இருந்தன. கம்பெனி பஸ் டிரைவர் ஏன் குறுக்கு வழியை விட்டுச் சுற்றிப்போகிறார்? ஒரே தோலில் வெட்டிய இரண்டு துண்டில் ஒன்று மட்டும் ஏன் இழுத்தால் நீள்கிறது?

தோல் கேள்விக்கு விடை தெரிந்தவர் ஸ்டோரில் இருந்தார். ஆபித் பாஷா அங்கே இருபத்தைந்து வருஷமாகத் தோல் தரம் பிரிப்பவர். முத்துமாரி கேள்வியைச் சீட்டில் எழுதி நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட வந்து இதைக் கேட்ட மொத ஆளு நீதாம்மா. வா" என்று ஒரு முழுத் தோலை மேஜைமேல் விரித்தார். "இது முதுகு. இங்க கெட்டி, இழுபடாது. இது வயிறு. சாப்பாடு உள்ள போவும் வரும், பெருசாவும் சின்னதாவும், அதனால இழுபடும். தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். தன் லைனில் தினமும் ஆயிரக்கணக்கில் கைமாறும் துண்டுகள் ஒரு ஆட்டின் முதுகும் வயிறுமாக இருந்தவை என்று அன்றைக்குத்தான் அவள் விரலுக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் ஒரு ஜோடியில் இடதுக்கு முதுகும் வலதுக்கு வயிறுமாகத் துண்டுகள் கலந்து வந்தால் தைப்பதற்கு முன்பே பிரித்து வைத்துவிடுவாள். ரிஜெக்ட் குறைந்தது. மேலே இருந்தவர்கள் காரணம் கேட்டார்கள். ஸ்டோரைக் கை காட்டினாள்.

குரல் திரும்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோவிந்தசாமி சட்டையில்லாமல் சாப்பிட உட்கார்ந்திருந்தார். மேலேயிருந்து ஒரு பல்லி அவர் தோளில் விழுந்தது. "ஏங்க, பல்லி!" என்று முத்துமாரி கத்தினாள். அவர் பல்லியை மறந்துவிட்டு அவளையே பார்த்தார். நித்யஸ்ரீ தட்டோடு ஓடிவந்தாள். "இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றாள். "பல்லி" என்றாள் முத்துமாரி. கரகரவென்று, யாரோ மாதிரி இருந்தது. மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பல்லி போன இடம் தெரியவில்லை.

ஜஹீதாவுக்கு ஒரே சந்தோஷம். இன்னும் ஒரு மாதம் பயிற்சியை விடாதீங்க என்றாள். எழுதுவதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

"அதான் பேச்சு வந்துடுச்சே, இன்னும் எதுக்கும்மா எழுதற?" என்று நித்யஸ்ரீ ஒருநாள் கேட்டாள்.

"பேசறதுல நான் நெனச்சதுதான் வருது. இதுல நெனைக்காதது வருது" என்றாள் முத்துமாரி. சொல்லிவிட்டு, இது சரிதானா என்று தானே ஒரு நிமிஷம் யோசித்தாள்.

அக்டோபரில் ஒரு காலை. ராத்திரி பெய்த மழையில் சமையல்கட்டு ஜன்னல் நனைந்திருந்தது. கொத்தமல்லி வாடிக் கிடந்ததைப் பார்த்து அதைப் பற்றி எழுத ஆரம்பித்தாள். 'கொத்தமல்லியை மெல்லிசா நறுக்கினா மகளுக்குப் புடிக்காது, மெல்லிசா நறுக்கினா பல்லுல மாட்டுதுன்னு சொல்லுவா, மெல்லிசா, மெல்லிசு, அக்கா இந்த நூலு மெல்லிசா கீதே.'

பேனா நின்றது. நாலு மாதத்தில் விசிலுக்கு முன்னால் பேனா நின்றது அதுதான் முதல் தடவை.

அக்கா இந்த நூலு மெல்லிசா கீதே. அது கலையரசியின் குரல். நாலாவது லைனில் ஒன்பதாவது மிஷினில் இருந்தவள், பேர்ணாம்பட்டுக்காரி. போன வருஷம் டிசம்பரில் ஒரு அவசர ஆர்டர். ஸ்டோரில் ஆள் இல்லாத நேரத்தில் முத்துமாரியே ஓடிப்போய் அலமாரியிலிருந்து நூற்கண்டை எடுத்துவந்து கலையரசியின் மிஷினில் மாட்டினாள். அவள் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அதைக் கேட்டாள். "போட்டு ஓட்டுடி, டைம் இல்ல" என்று முத்துமாரி கத்திவிட்டு அடுத்த மிஷினுக்குப் போய்விட்டாள். நாலு நாள் கழித்து, அடிப்பாகம் ஒட்டுகிற பிரிவிலிருந்து எண்ணூறு ஜோடி திரும்பி வந்தது. இழுத்த இடத்திலெல்லாம் தையல் விட்டிருந்தது. மேனேஜர் லைனை நிறுத்தி வைத்துக் கேட்டார், "யார் நூலை மாத்தினது?" யாரும் பேசவில்லை. அது கலையரசியின் மிஷின். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

முத்துமாரி அதை மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஞாபகம் வரும்போதெல்லாம், நான் ஒன்றும் அவளைச் சொல்லவில்லையே, பேசாமல்தானே நின்றேன் என்று சமாதானம் வரும். அதற்குமேல் அவள் போனதில்லை. இப்போது காகிதத்தில் அந்தப் பெண்ணின் வார்த்தை அப்படியே, 'கீதே' என்கிற இழுப்போடு நின்றுகொண்டிருந்தது. குக்கர் எத்தனை விசில் விட்டது என்று அவளுக்குத் தெரியாது. சோறு அன்றைக்குக் குழைந்துபோனது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜஹீதாவுக்குப் போன் செய்து முழுவதையும் சொன்னாள். "அதனாலதான் என் குரல் போச்சா?"

ஜஹீதா மாதங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதுக்கா. ஆமான்னு சொன்னா உங்களுக்கு ஒரு முடிவு கெடைச்ச மாதிரி இருக்கும். ஆனா நடுவுல ஆறு மாசம் நல்லாத்தானே பேசினீங்க? அப்புறம், இது ஞாபகம் வர்றதுக்கு முன்னாடியே குரல் வந்துடுச்சு. அதுவும் இதுவும் சேருதா, தனித்தனியான்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது."

"அப்போ இப்ப நான் இன்னா பண்றது?"

"அது தொண்டைக் கேள்வி இல்லக்கா" என்றாள் ஜஹீதா மெதுவாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை முத்துமாரி பேர்ணாம்பட்டுக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் கலையரசியின் வீடு. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் இவளைப் பார்த்ததும் உள்ளே வா என்று சொல்லவில்லை. துணியை உதறி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே இருந்தாள். முத்துமாரி நின்றபடியே சொன்னாள். நூலைத் தான் எடுத்துவந்தது, அவள் கேட்டது, தான் கத்தியது, லைனில் வாய் திறக்காமல் நின்றது. எதையும் விடவில்லை.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள் கலையரசி. "நீ சொல்லுவேன்னு அன்னிக்கு உன்னையே பாத்துனு இருந்தேன். ரொம்ப நேரம் பாத்தேன்."

"மன்னிச்சுக்கோ" என்று முத்துமாரி சொன்னபோது அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே காட்டவில்லை.

"எனக்கு அந்தக் கம்பெனி வேலை வேணாம். ராணிப்பேட்டைல ஒரு எடத்துல சேரப் போனேன். பழைய எடத்துக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. கவனக்குறைவால நிறுத்துனோம்னு சொல்லிட்டாங்க. சேத்துக்கல. இப்ப ஒரு சின்ன யூனிட்ல பை தைக்கறேன். நீ நெஜமா செய்யணும்னா அந்த வார்த்தையை எடுத்துக் குடு. வேற ஒண்ணும் வேணாம்."

வீட்டுக்கு வந்து கம்பெனிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். நாலு மாதமாக நிற்காமல் ஓடிய கை, 'ஐயா' என்று எழுதியதும் நின்றுவிட்டது. இந்தக் கடிதத்தில் தப்பு வரக்கூடாது, ஒவ்வொரு வார்த்தையும் யோசித்து வைக்க வேண்டும். முதல் தாளில், 'ஸ்டோரில் ஆள் இல்லாததால்' என்று தொடங்கினாள். படித்துப் பார்த்தால் குற்றம் ஸ்டோர் மேல் போனது. கிழித்தாள். இரண்டாவதில் 'அவசர ஆர்டர் என்பதால்' என்று வந்தது. அதையும் கிழித்தாள். கடைசியில் எப்போதும் போல அடுப்புமேடை ஓரமாகப் போய் நின்று, நோட்டில் நிறுத்தாமல் எழுதினாள். பக்கத்தின் நடுவில் ஒரு வரி தானாக வந்து விழுந்தது: 'நூலைத் தேர்ந்தெடுத்ததும் நான், மாட்டியதும் நான், கலையரசி எச்சரித்தும் ஓட்டச் சொன்னதும் நான்.' அதைக் கடிதத்தின் முதல் வரியாக வைத்தாள். மற்றதெல்லாம் ஒழுங்காக வந்தது.

கோவிந்தசாமி படித்துப் பார்த்தார். "வேலைய விட்டுத் தூக்கிட்டா?"

"தூக்கிட்டா பாக்கலாம்."

"பேசாம இருந்தப்பவே நல்லா இருந்திச்சு" என்றார். சொன்னாரே தவிர, திங்கட்கிழமை தன் டியூட்டியை மாற்றிக்கொண்டு கம்பெனி வாசல் வரைக்கும் கூடவே வந்தார்.

பணியாளர் பிரிவு அதிகாரி இளம்பரிதி கடிதத்தைப் படித்துவிட்டு, "இதை யாராவது எழுதச் சொன்னாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "பத்து மாசம் கழிச்சு ஏன்?" என்றார். "இப்பதான் ஞாபகம் வந்துச்சு சார். மறந்துட்டேன்னு சொல்லல. இப்பதான் முழுசா வந்துச்சு." அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. மூன்று வாரம் விசாரணை நடந்தது. முத்துமாரிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். நாலாவது லைனிலிருந்து எடுத்துப் புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தையல் பழக்குகிற ஹாலில் போட்டார்கள். சூப்பர்வைசர் என்கிற பேர் போனது. முதல் ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் பழைய லைன் பெண்களின் பக்கத்தில் போய் உட்கார அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவர்களே வந்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் வரவில்லை.

கலையரசியிடமிருந்து டிசம்பரில் ஒரு வாட்ஸ்அப் வந்தது. கம்பெனி கொடுத்த புதுச் சான்றிதழின் போட்டோ. 'பணியில் எந்தக் குறையும் இல்லை' என்று அதில் இருந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை, ஒரு கும்பிடு படம்கூட இல்லை. முத்துமாரி அதை மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தாள். பதிலுக்கு என்ன அனுப்புவது என்று தெரியாமல் போனைக் கீழே வைத்தாள். மறுநாள் காலை நோட்டில் அதைப் பற்றி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தாள். வந்ததெல்லாம் வெங்காயத் தோலைப் பற்றி.

இப்போது ஆறாவது நோட்டு ஓடுகிறது. எல்லாக் காலையும் நன்றாக இருப்பதில்லை. சில நாள் பக்கம் முழுக்க முழங்கால் வலிதான். ஆனால் எழுதாமல் கிளம்பிய நாளில் கம்பெனி பஸ்ஸில் எல்லோர் மேலும் எரிச்சல் வருகிறது. எழுதிய நாளில் ஜன்னலோர இடம் கிடைக்காவிட்டால்கூடப் பேஜாராக இல்லை. இது ஏன் என்றும் ஒருநாள் எழுதிவைத்தாள்.

போன மழைக்காலத்தில் பாலாற்றில் தண்ணீர் வந்தது. ரொம்ப நாளாக மணலாகவும் முள்ளாகவும் கிடந்த ஆறு. இரண்டாம் நாளே பாலத்துக்குக் கீழே ஆட்கள் வலை போட்டு மீன் பிடித்தார்கள். அன்று காலை அவள் எழுதியது இதுதான்: 'தண்ணியே இல்லாத ஆத்துல ரெண்டே நாள்ல மீன் எங்கேர்ந்து வந்துச்சு?' சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டுப் பாலத்தருகே இறங்கி, கூடையில் மீன் வைத்திருந்தவரிடம் கேட்டாள்.

"மேல ஏரிங்கோ நெரம்பி வழிஞ்சி வந்துச்சின்றாங்கோ" என்றார் அவர். "மண்ணுக்குள்ளயே முட்டை இருக்கும்னு எங்கப்பா சொல்லுவாரு. நான் ரெண்டையும் பாக்கலம்மா. கிலோ போடட்டா?"

அரைக் கிலோ போடச் சொன்னாள். அவர் கல் வைத்து நிறுக்கும்போது, எந்தெந்த ஏரி என்று கேட்டாள்.